கதவில் ஆணி ஓட்டையைத் தேடாதீர்கள்: லூத்தரின் ஊர்களுக்குப் போகும் முன் படிப்பதில் நேரும் தவறுகள்

ஜெர்மனியின் விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தின் கதவு முன்னால் நின்று எங்கள் பெரியப்பா கேட்டார்: "ஆணி அடிச்ச ஓட்டை எங்கடா?" கதவு முழுக்க வெண்கலம். 95 வாதங்களும் லத்தீனில் அதிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. பெரியப்பா ஏதோ சும்மா கிளம்பி வந்தவர் இல்லை. கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்களை அடிக்கோடு போட்டுப் படித்தவர். லூத்தர் அந்த 95 வாதங்களையும் ஆலயக் கதவில் ஆணி அடித்து மாட்டியதாகச் சொல்லப்படும் 1517 அக்டோபர் 31 பற்றி இரண்டிலும் பக்கம் பக்கமாக இருந்தது. அந்தப் பழைய கதவு 1760-இல் ஏழாண்டுப் போரின்போது ஆலயத்தோடு எரிந்துபோனதும், இப்போதுள்ள கதவு 1858-இல் வைத்தது என்பதும்தான் இல்லை.

எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான். லூத்தர் 1546-இல் இறந்ததும் நாமும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நாம் பார்க்கப்போகும் கட்டடங்களின் கதையோ பாதிக்கு மேல் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ஐஸ்லேபனில் அவர் பிறந்த வீடு 1689 தீ விபத்தில் போய்விட்டது. இன்று நிற்பது அதன்பின் நினைவிடமாகவே எழுப்பியது. அதே ஊரில் அவர் 'இறந்த வீடு' என்று காட்டப்படும் அருங்காட்சியகம் இருக்கிறதே, அது அவர் இறந்த வீடே இல்லை. பிற்காலத்தில் வீடு மாறிப்போய், தவறான கட்டடம் நினைவிடமாகிவிட்டது. உண்மையான இடத்தில் இப்போது ஒரு ஹோட்டல் நடக்கிறது. வார்ட்பர்க் கோட்டையில் லூத்தர் சாத்தான்மேல் மைக்கூட்டை எறிந்த கறை என்று ஒரு கதை உண்டு. வந்தவர்கள் சுவரைச் சுரண்டி எடுத்துப்போக, பராமரித்தவர்கள் திரும்பத் திரும்ப மை பூச, நூற்றாண்டுகள் அப்படியே ஓடின. இன்று போனால் சுரண்டிய சுவர்தான் மிச்சம். எனக்கு அந்தச் சுவர் பிடித்திருந்தது. மையைவிட அதில்தான் கதை அதிகம்.

ஆகவே ஊர்களின் வரலாறு, கட்டடங்களின் வரலாறு என்று கொஞ்சமாவது தேடிப் படியுங்கள். அதோடு, கையில் இருக்கும் வாழ்க்கை வரலாறு எந்த ஆண்டு வெளிவந்தது என்றும் பாருங்கள். ஆணி அடித்த காட்சியையே எடுத்துக்கொள்வோம். லூத்தர் அதைப் பற்றித் தன் கைப்பட எங்கும் எழுதவில்லை. எழுதிப் பரப்பியவர் லூத்தரின் சக பேராசிரியர் மெலங்க்தன், அதுவும் லூத்தர் இறந்த பிறகு. 1517-இல் மெலங்க்தன் விட்டன்பர்க்கிலேயே இல்லை, அடுத்த ஆண்டுதான் வந்து சேர்ந்தார். 1961-இல் ஒரு கத்தோலிக்க அறிஞர் இதைக் கேள்வியாக எழுப்ப, விவாதம் சூடுபிடித்தது. அப்புறம் 2006-இல் லூத்தரின் உதவியாளர் கேயார்க் ரோரரின் குறிப்பு ஒன்று கவனத்துக்கு வந்தது. அதில் ஆலயங்களின் கதவுகளில் என்று பன்மையில் இருக்கிறது. அன்றைய தேதியில் லூத்தர் பேராயர் ஆல்பிரெக்டுக்குக் கடிதம் எழுதினார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பழைய புத்தகம் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போனால், இந்தப் பஞ்சாயத்து எதுவும் தெரியாமல் கதவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புவோம்.

லூத்தரின் ஏழ்மை பற்றியும் அப்படித்தான். தன் அப்பா இளமையில் ஏழைச் சுரங்கத் தொழிலாளி என்று லூத்தரே சொல்லிக்கொண்டதால், பழைய நூல்கள் குடிசையில் வளர்ந்த பிள்ளையாகவே அவரை வரைகின்றன. மான்ஸ்ஃபெல்டில் பெற்றோர் வீட்டருகே தோண்டியபோது கிடைத்தவை என்ன தெரியுமா? பன்றி, வாத்து, பாட்டுப் பறவைகளின் எலும்புகள், களிமண் கோலிக்குண்டுகள். நன்றாகச் சாப்பிட்ட வீடு அது. அப்பா செப்பு உருக்கும் உலைகளை நடத்தியவர்.

அடுத்த தவறு, மனசுக்கு இதமானதை மட்டும் படிப்பது. விசுவாசத்தோடு போகிறவர்களுக்கு இது இயல்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டன்பர்க் நகர ஆலயத்தின் தென்கிழக்கு மூலையில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் இடைக்காலச் சிற்பம் ஒன்று சுவரில் இருக்கிறது. கீழே தரையில் 1988-இல் பதித்த நினைவுப் பலகை. சிற்பத்தை எடுக்கச் சொல்லி ஒருவர் வழக்குப் போட்டார், எடுக்க வேண்டியதில்லை என்று 2022-இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. லூத்தர் 1543-இல் யூதர்களுக்கு எதிராக எழுதியதைப் படிக்காதவருக்கு, அந்த மூலையில் ஏன் இத்தனை பேர் மௌனமாக நிற்கிறார்கள் என்றே புரியாது. 1525 விவசாயிகள் எழுச்சியில் அவர் யார் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

மேற்கோள்களில் உஷாராக இருங்கள். "நாளை உலகம் அழியும் என்றாலும் இன்று ஆப்பிள் மரம் நடுவேன்" என்பது லூத்தர் சொன்னதாகப் பரிசுப் பொருள்களில் எல்லாம் இருக்கும். அந்த வரி எழுத்தில் கிடைப்பதே 1944-இல் இருந்துதான். 'மேசைப் பேச்சு' என்ற தொகுப்பும் அவர் எழுதியதல்ல. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் குறித்து வைத்தது, 1566-இல் அச்சானது. சுவாரசியமாக இருக்கும், சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயம், ஆனால் நேரத்தைத் தின்னும். அன்று சாக்சனி இரண்டு: விட்டன்பர்க் லூத்தரைக் காத்த பிரடெரிக்கின் கையில், லைப்சிக் அவரை எதிர்த்த கேயார்கின் கையில். புத்தகம் எதைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் 'மார்ட்டின் லூதர்' என்று தேடினால் அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங்தான் முதலில் வருவார். அதுவும் தற்செயல் இல்லை. கிங்கின் அப்பா 1934-இல் ஜெர்மனி போய்வந்த பிறகுதான் தன் பெயரையும் மகன் பெயரையும் மாற்றிக்கொண்டார்.

லூத்தரைப் படித்துவிட்டு அவர் மனைவி காத்தரினாவை விட்டுவிடுவது இன்னொன்று. விட்டன்பர்க் லூத்தர் இல்லம் பழைய துறவி மடம். 1525 திருமணத்துக்குப் பிறகு அதை வீடாக நடத்தியவர் அந்த முன்னாள் கன்னிகாஸ்திரீ: பீர் காய்ச்சுவது, மாடு கன்று, காசு கொடுத்துத் தங்கும் மாணவர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வாசலில் இரு பக்கமும் கல் இருக்கையோடு 1540-இல் வைத்த நுழைவாயில் அவர் பெயரில்தான் இருக்கிறது. உள்ளே லூத்தர் அறையின் கதவுக்கு மேல், ரஷ்யாவின் மகா பீட்டர் 1712-இல் சாக்பீஸால் கிறுக்கிய கையெழுத்தைக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள். சக்கரவர்த்தி செய்தால் பொக்கிஷம், நாம் செய்தால் அபராதம்!

கடைசியாக, தமிழர்கள் செய்யும் தவறு: ஹாலேயை விட்டுவிடுவது. ஐஸ்லேபனுக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே படித்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருக்காகத் தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பொறையாரில் சின்ன எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். ஹாலேயில் பிராங்கே நிறுவிய அனாதை இல்லம் இன்றும் நிற்கிறது, அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. எங்கள் பயணத் திட்டத்தில் அந்த ஊர் இல்லை. திரும்பும் ரயில் ஹாலேயில் நின்றபோதுதான் பெரியப்பா பெயர்ப் பலகையைப் பார்த்து, "இதா அந்த ஹாலே?" என்று எழுந்தார். வண்டி இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிட்டது.