லுக்ரீஷியஸின் கடவுள் வாழ்த்தைப் படிக்கும் முறை

கடவுள்கள் நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சொல்ல வந்த காவியம், கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் லுக்ரீஷியஸ் லத்தீனில் பாடிய 'தெ ரேரும் நாதூரா' அது. 'பொருள்களின் இயல்பு பற்றி' என்று அர்த்தம். முதல் தடவை, 'இதென்ன பித்தலாட்டம்' என்று மூடிவைத்தவன், எட்டு மாதம் தொடவில்லை. தப்பு என் மேல்தான். தத்துவம் தேடிப்போய், பாட்டைக் கேட்காமல் விட்டிருந்தேன்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் முதல் அடியை மட்டுமாவது: 'ஐனெயாதும் கெனெத்ரிக்ஸ், ஹொமினும் திவோம்குவெ வொலுப்தாஸ்'. ரோமானியர்களின் தாயே, மனிதருக்கும் தேவருக்கும் இன்பமானவளே என்று காதல் தெய்வம் வீனஸை அழைக்கிறார். கடைசிச் சொல்லில் நில்லுங்கள். வொலுப்தாஸ், இன்பம். இவர் குருவாகக் கொண்ட கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் வாழ்வின் இலக்கு என்று சொன்னதும் அதைத்தான். ஆக, துதிக்குள்ளேயே தத்துவம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் ஒரு பென்சிலை எடுத்து, அவள் வந்ததும் என்னென்ன நடக்கிறது என்று குறியுங்கள். காற்று ஓடுகிறது, மேகம் கலைகிறது, மண் பூக்கிறது, கடல் சிரிக்கிறது, பறவைகள் நெஞ்சில் அடிபட்டதுபோல் கிறங்குகின்றன, கால்நடைகள் ஆற்றை நீந்திக் கடக்கின்றன. கோயில் கிடையாது, பலி கிடையாது. 21-ஆம் அடியில் 'நீ ஒருத்தியே பொருள்களின் இயல்பை ஆள்கிறாய்' என்கிறார். நூலின் தலைப்பே அங்கே இருக்கிறது! இதை வெறும் உருவகம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பக்தி நிஜம், அது போய்ச் சேரும் இடம்தான் வேறு.

போர்க்கடவுள் மார்ஸ் அவள் மடியில் தலை சாய்த்துக் கிடக்கும் இடத்தை இரண்டு முறை படிக்கலாம். ரோமுக்கு அமைதி கேட்கிற வேண்டுதல் அது.

44 முதல் 49 வரை மட்டும் மறுநாளைக்கு வையுங்கள். தேவர்கள் எட்டாத தொலைவில் நிம்மதியாக இருக்கிறார்கள், நம் புண்ணியம் அவர்களை வளைக்காது, கோபம் அவர்களைத் தொடாது என்கிற அடிகள். இதே காவியத்தின் இரண்டாம் பகுதியிலும் இவை அப்படியே வருவதால், இங்கே யாரோ செருகியது என்று நீக்கிய பதிப்பாசிரியர்கள் உண்டு. இருக்கட்டும் என்பதே என் கட்சி.

சரி, அடுத்து 80-இலிருந்து 101 வரை. கப்பல்களுக்குக் காற்று வேண்டித் தகப்பனே மகளைப் பலி கொடுக்கிறான். வீனஸ் வந்த அந்த வசந்தக் காலை மறப்பதற்குள் இதைப் படித்துவிட வேண்டும். ராத்திரி தூங்கப்போகும் முன் மட்டும் வேண்டாம்.