சூறாவளிக்கு முன் அறுபது வினாடிகள்: முதல் சாகச விளையாட்டை உருவாக்கும் முறை

நேர வரம்பு என்றதும் திரையின் மூலையில் குறைந்துகொண்டே வரும் எண்ணும், அதைக் கண்டு எழும் பதற்றமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. 2018-இல் வெளிவந்த ‘மினிட்’ என்னும் கறுப்பு வெள்ளைச் சாகச விளையாட்டு அதே வரம்பை வேறு விதமாகக் கையாண்டது. அதில் சாபம் பிடித்த வாளை எடுத்துவிட்ட பாத்திரம் ஒவ்வொரு 60 வினாடிக்கும் இறந்து, வீட்டில் மறுபடி எழுகிறது. எனினும் கண்டெடுத்த பொருள்கள் அதனிடமே இருப்பதால், முந்தைய நிமிடத்தில் தேடிப் பெற்றது அடுத்த நிமிடத்தில் பயன்படுகிறது. எது அழிகிறது, எது நிலைக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யாமல் கடிகாரத்தை மட்டும் ஓடவிட்டால், விளையாடுபவருக்குச் சலிப்பே மிஞ்சும்.

மொரீஷியசில் வாழும் நமக்கு இத்தகைய வரம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. சூறாவளி நெருங்கும்போது வாக்வாவிலுள்ள வானிலை நிலையம் நான்கு நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசும்போது நான்காம் நிலை நடப்பில் இருக்கும். அதற்குள் சன்னல்களை அடைத்து, வெளியே இருப்பவர்களை வீடு சேர்த்துவிட வேண்டும். அந்த நேரத்தை 60 வினாடிகளாகச் சுருக்கி, ஒவ்வொரு நிலைக்கும் 15 வினாடி ஒதுக்குவோம். கோர் தெ கார்து மலையடிவாரத்தில் வசிக்கும் ஒரு சிறுமிதான் நம் பாத்திரம். கோயிலுக்குப் போன பாட்டியை அவள் பத்திரமாக அழைத்து வர வேண்டும்.

முதல் படி: தாளில் வழி வரைதல்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் வீடு, தெரு, கடை, கோயில், கோயிலுக்குப் பின்னாலுள்ள கிடங்கு என ஐந்து கட்டங்களை வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எத்தனை வினாடி ஆகும் என்று உத்தேசமாக எழுதுங்கள். பிறகு எந்தப் பொருள் எதற்குத் தேவை என்பதை அம்புக்குறிகளால் இணையுங்கள். கடையில் டார்ச் விளக்கு கிடைக்கும், ஆனால் மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்ததும் கடை மூடப்படும். விளக்கு இருந்தால்தான் இருண்ட கிடங்கில் சுத்தியலை எடுக்க முடியும். சுத்தியல் இருந்தால்தான் வீட்டுச் சன்னல்களில் பலகை அடிக்க முடியும். சன்னல்கள் அடைபட்ட பிறகே பாட்டி வீட்டுக்கு வரச் சம்மதிப்பார். இவை அனைத்தையும் ஒரே நிமிடத்தில் செய்து முடிக்க இயலாதபடி தூரங்களை வைப்பதும், ஒவ்வொரு செயலையும் தனியே ஒரு நிமிடத்துக்குள் முடிக்கும்படி வைப்பதும் உங்கள் பொறுப்பு. இந்தத் தாளுக்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது நல்லது. பின்னர் வரும் வேலைகள் எல்லாம் இதையே பின்பற்றி நடக்கும்.

இரண்டாம் படி: கருவியும் காட்சிகளும்

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ‘ஜிபி ஸ்டூடியோ’ என்னும் இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். 1989-இல் வந்த கேம் பாய் கருவியில் ஓடக்கூடிய விளையாட்டுகளை அது உருவாக்குகிறது என்பதால், 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட சிறு திரையும் நான்கு சாயல்களும் நமக்குக் கிடைக்கின்றன. புதிய புராஜெக்டைத் தொடங்கி, கூட்டல் குறியை அழுத்தி, ஐந்து கட்டங்களுக்கும் ஐந்து ‘சீன்’களை, அதாவது காட்சிகளை, உருவாக்குங்கள். கதவுகள் இருக்கும் இடங்களில் ‘டிரிகர்’ வைத்து, அதை மிதித்ததும் அடுத்த சீனுக்கு மாறும்படி அமையுங்கள். பாட்டி, கடைக்காரர், சுத்தியல் ஆகியவை ‘ஆக்டர்’களாக, அதாவது காட்சியில் தோன்றும் உருவங்களாக, இருக்கட்டும்.

மூன்றாம் படி: கடிகாரம்

தொடக்க நிலையினர் தடுமாறும் இடம் இதுவே என்பதால் நிதானமாகப் பாருங்கள். ‘நேரம்’ என்று ஒரு பொது மாறியை, அதாவது எல்லாக் காட்சிகளிலும் நினைவில் இருக்கும் மாறக்கூடிய மதிப்பை, ஏற்படுத்துங்கள். பிறகு எந்தக் காட்சியிலிருந்தும் அழைக்கக்கூடிய கட்டளைத் தொகுப்பான ஒரு பொது ஸ்கிரிப்டை எழுதுங்கள்: அது நேரத்திலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், நேரம் சுழியானால், அதை மறுபடி 61 ஆக்கிவிட்டு, சிறுமியை வீட்டுக் காட்சிக்கு அனுப்ப வேண்டும். ஐந்து சீன்களில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இந்த ஸ்கிரிப்டை ஒருமுறை அழையுங்கள். அதோடு, ஒரு வினாடிக்கு ஒருமுறை இதே ஸ்கிரிப்டை அழைக்கும் டைமரையும் அங்கேயே இணையுங்கள்.

இரண்டு இடங்களில் ஏன் அழைக்க வேண்டும் என்றால், சீன் மாறியதும் பழைய டைமர் நீங்கிவிடும். புதிய சீனில் அது முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு வினாடி நிறைவதற்குள் கதவு வழியாகப் போய்ப் போய் வருபவருக்கு நேரமே குறையாது. கதவைக் கடப்பதற்கு ஒரு வினாடி விலை என்று வைத்துவிட்டால் இந்த ஓட்டை அடைபடுகிறது. 61 என்று வைத்ததற்கும் காரணம் அதுவே: வீட்டுக் காட்சி திறக்கும்போதே ஒன்று கழிந்து, சரியாக 60 ஆகிவிடும். விளையாட்டின் தலைப்புக் காட்சியிலும் இதே எண்ணைக் கொடுங்கள். வீட்டுக் காட்சியின் தொடக்கத்தில் மட்டும் நேரத்தை நிரப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் புது நிமிடம் கிடைத்துவிடும்.

நேரத்தை எண்ணாகக் காட்டுவதைவிட எச்சரிக்கை நிலையைக் காட்டுவது நம் கதைக்குப் பொருந்தும். நான்கு சட்டங்கள் (ஒன்றன்பின் ஒன்றாக மாறும் படங்கள்) கொண்ட ஒரு சிறு கொடியை ஆக்டராக்கி, திரையோடு பொருத்தி வையுங்கள். நேரம் 45, 30, 15 ஆகக் குறையும்போது அடுத்த சட்டத்துக்கு மாற்றுங்கள். கடைக் கதவும் இதே நேர மாறியைப் பார்த்துத் திறக்கட்டும் அல்லது மூடட்டும்.

நான்காம் படி: நிலைப்பவை

விளக்கு, சுத்தியல், அடைத்த சன்னல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பொது மாறிகள் வேண்டும். சீனுக்குள் மட்டும் வாழும் உள்மாறிகளை இதற்குப் பயன்படுத்தினால் மற்றக் காட்சிகளில் அவற்றைப் பார்க்க இயலாது. பொருளை எடுத்ததும் மாறியை ‘உண்மை’ ஆக்குங்கள். சீன் தொடங்கும்போது அதைச் சோதித்து, ஏற்கெனவே எடுத்த பொருளின் ஆக்டரை மறைத்துவிடுங்கள். நிமிடம் முடியும் ஸ்கிரிப்ட் இந்த மாறிகளைத் தொடவே கூடாது.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்துகள்

மென்பொருளோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதற்காகத் தமிழைக் கைவிட்டு விளையாட்டை முழுவதும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிட வேண்டாம். நம் ரூபாய்த் தாளிலேயே இடம்பெற்றுள்ள எழுத்து, நம் பிள்ளைகள் விளையாடும் திரையிலும் இருக்கட்டும். பெயர்ப் பலகையையும் பாட்டியின் பேச்சையும் படமாக வரைந்து, அவற்றைத் தனிச் சீன்களின் பின்னணியாக வையுங்கள். படம் எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரிக்கப்படும் என்றாலும், ‘ணை’, ‘ஞ்’ போன்றவை அந்த உயரத்தில் தெளிவாகத் தெரியாது. 16 புள்ளி உயரம் கொடுங்கள். ஒரு பின்னணியில் 192 வேறுபட்ட சதுரங்கள் வரையே இடம் உண்டு. முழுத் திரைக்கோ 360 சதுரங்கள். ஆகவே வரிகள் பாதித் திரைக்குள் அடங்க வேண்டும்.

பேச்சுக் காட்சிக்குப் போகுமுன் நடப்பு சீனைச் சேமித்து, பொத்தானை அழுத்தியதும் அதற்கே திரும்பும்படி அமையுங்கள். பேச்சுக் காட்சியில் மட்டும் கடிகார ஸ்கிரிப்டை அழைக்கவோ டைமரை இணைக்கவோ செய்யாதீர்கள். அப்போது படிக்கும் நேரம் கணக்கில் சேராது. தமிழை இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, திரும்பும்போது கழியும் ஒரு வினாடியைத் தவிர வேறு இழப்பின்றிப் பொறுமையாகப் படிக்கலாம்.

ஆறாம் படி: சோதனை

நீங்கள் விரைந்து விளையாடி முடிப்பது சோதனை ஆகாது. வழி உங்களுக்கு முன்பே தெரியும். விளையாட்டை இணையப் பதிப்பாக ஏற்றுமதி செய்து, இதைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, அருகில் பேசாமல் அமர்ந்து கவனியுங்கள். தொடர்ந்து சில நிமிடங்கள் புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குத் திரும்பினால், தெருவைச் சுருக்குங்கள் அல்லது கடையைக் கிடங்குக்குப் பக்கமாக நகர்த்துங்கள். முதல் நிமிடத்திலேயே சுத்தியல் கைக்கு வந்துவிட்டால், கிடங்கைத் தள்ளி வையுங்கள். கடிகாரத்தின் 60-ஐ மட்டும் மாற்றாமல், வரைபடத்தைத் திருத்திக்கொண்டே வாருங்கள்.