பட்டறை எண்ணெய் எங்கே போகிறது? சிறு தொழிற்கூடங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாங்க என்ன சாயப்பட்டறையா நடத்துறோம்? ரெண்டு சி.என்.சி., ஒரு லேத். எங்களால என்னங்க மாசு வந்துறப் போகுது?"

கோவைப் பக்கம் இப்படி உலோகம் கடையும் இன்ஜினியரிங் பட்டறை வைத்திருப்பவர்களிடம் சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும். நொய்யல் ஆறு கெட்டதற்குத் திருப்பூரைக் கைகாட்டியே நமக்குப் பழகிவிட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நடந்த கதைதான். ஆனால் வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் அந்த ஆறு திருப்பூருக்குப் போகும் முன் கோவையைத் தாண்டித்தான் போகிறது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர், குறிச்சி சிட்கோ என்று சந்துக்குச் சந்து பட்டறை. சாயத்துக்கு நிறம் உண்டு, ஆற்றில் கலந்தால் ஊருக்கே தெரியும். எண்ணெய் அப்படியில்லை. தரையிலும் சாக்கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதால் யாரும் கணக்கு வைப்பதில்லை.

வாசலில் வேப்பங்கன்று நடுவதையும் கூரையில் சோலார் போடுவதையும் நான் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்கப் பட்டறையை விட்டு வெளியே போவது என்னென்ன, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் அவற்றோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் அதிலிருந்தே கிளம்புகின்றன.

"ஆயில்காரர் வந்து எடுத்துட்டுப் போயிருவாரு"

ஹைட்ராலிக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கம்ப்ரஸர் ஆயில் மாற்றும்போது கழிவெண்ணெய் சேரும். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார், கையில் காசு கொடுத்து எடுத்துப் போவார். காசு கிடைப்பதால் அது கழிவு என்றே யாருக்கும் தோன்றாது. அந்த எண்ணெய் சென்டரிங் பலகையில் பூசப்படலாம், ஏதோ ஒரு சூளையில் எரியலாம், வடிகட்டிப் புது டப்பாவில் அடைக்கப்பட்டு யாரோ ஒருவரின் எஞ்சினுக்குள்ளும் போகலாம்.

2016-இன் அபாயகரக் கழிவு விதிகளில் கழிவெண்ணெய் பட்டியலிடப்பட்ட அபாயகரக் கழிவு. மறுசுழற்சிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டுமே அதைத் தரலாம். பட்டறையில் சாதாரணமாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வருடத்துக்கு 10 டன்னுக்குள் கழிவு வரும் சிறு கூடங்கள் வாரியத்திடம் கேட்டால் 180 நாள் வரை நீட்டிப்புக் கிடைக்க வழி உண்டு. அங்கீகாரம் பெற்றவர் ஒரு கேனுக்காக வண்டி எடுத்து வரமாட்டார் என்று சொல்வது நியாயமான புகார்தான். அக்கம்பக்கத்துப் பட்டறைகள் பேசி வைத்து ஒரே நாளில் கொடுத்தால் வருவார். ஆனால் ஒவ்வொருவர் பேரலும் தனியாக, எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே பேரலில் ஊற்றுவது. ஹைட்ராலிக் ஆயிலோடு பழைய கூலன்டும் (உலோகத்தை வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை), பாகம் கழுவிய மண்ணெண்ணெயும், பெயின்ட் தின்னரும் கலந்துவிட்டால் அதைச் சுத்திகரித்து மீண்டும் எண்ணெயாக்குவது பெரும்பாடு. நல்ல மறுசுழற்சிக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். கடைசியில் கலவையை வாங்கிக்கொள்வது எரிக்கிறவர் மட்டுமே.

புது எண்ணெய்ப் பேரலை வெயிலிலும் மழையிலும் நிமிர்த்தி வைப்பதையும் விட்டுவிடுங்கள். மூடியின் மேல் மழைநீர் தேங்கும். பகலில் பேரல் சூடாகி விரிந்து, இரவில் குளிர்ந்து உள்ளிழுக்கும்போது மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் கசிந்து உள்ளே போகும். பிரிக்காத எண்ணெயே கெட்டுப்போய் நேராகக் கழிவுப் பேரலுக்கு வரும். வெளியே வைக்க வேண்டியிருந்தால் படுக்கப்போட்டு, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3-ஐயும் 9-ஐயும் பார்த்திருக்கும்படி வையுங்கள்.

திங்கட்கிழமை நாற்றம்

ஞாயிறு லீவுக்குப் பிறகு காலையில் மெஷினை ஆன் செய்தால் அழுகிய முட்டை வாடை வருகிறதா? கூலன்ட் கெட்டுவிட்டது. அப்போது பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது: மொத்தத்தையும் இறக்கி வாசல் சாக்கடையில் ஊற்றுவது. பால் மாதிரி வெள்ளையாக ஓடும். "பெரும்பாலும் தண்ணிதானுங்க" என்பார்கள். அந்தத் தண்ணீரில் எண்ணெய் நுண்துளியாகக் கரைந்து நிற்கிறது, லேசில் பிரியாது. பிரியக் கூடாது என்றுதானே அதைத் தயாரித்ததே. போதாததற்குத் துருத்தடுப்பு ரசாயனம், கிருமிக்கொல்லி, மெஷினிலிருந்து கழன்ற உலோகத் தூள் எல்லாம் கூடவே போகும்.

கெட்ட கூலன்டை என்ன செய்வது என்று யோசிப்பதைவிட, அது ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்று பார்ப்பது லாபம். காரணம் பெரும்பாலும் வாளிதான். 200 லிட்டர் தொட்டியில் 6 சதவீதக் கலவை என்றால் 12 லிட்டர் எண்ணெய். சூட்டில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், சிப்ஸோடு (கடையும்போது உதிரும் உலோகச் சீவல்) ஒட்டிக்கொண்டு எண்ணெயும் போகும். மட்டம் குறைந்ததும் பையன் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடுவான். இப்படியே போனால் 6 சதவீதம் 2-க்கு இறங்கிவிடும். அந்த அளவில் கிருமிக்கு விருந்து, ஜாபில் (கடையும் பாகத்தில்) துரு, டூலுக்கும் ஆயுள் குறைவு. 1 முதல் 2 சதவீத மென்கலவையை வேறு பாத்திரத்தில் கலந்துவைத்து ஊற்ற வேண்டும். கலக்கும்போது தண்ணீரில்தான் எண்ணெயை விட வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டிகட்டியாகத் திரியும்.

அளவு தெரிய ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் எண் தெரியும். அந்த எண்ணே சதவீதம் என்று எடுத்துக்கொள்வது பரவலான தவறு. கூலன்ட் கம்பெனி தரும் தாளில் ஒரு பெருக்கு எண் இருக்கும், அது 1.5 என்றால், 4 என்று காட்டினால் உண்மையில் 6 சதவீதம். இது தெரியாமல் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

அடுத்து தண்ணீர். சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. அதைக் குடிக்கவே ஊர் போட்டி போடுகிறது. பட்டறைக்குக் கிடைப்பது போர் தண்ணீர். அதன் உப்பும் சுண்ணாம்பும் கூலன்ட் கலவையை உடைத்து மேலே ஆடை கட்டவைக்கும். ஆர்.ஓ. தண்ணீரை இதற்குப் பயன்படுத்தினால் கூலன்ட் கூடுதல் காலம் ஓடும்.

மேலே மிதக்கும் மெஷின் ஆயில் தனிப் பிரச்சினை. மெஷினில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குப் போகும் எண்ணெய் கசிந்து தொட்டிக்கு வந்து படலமாக மூடும்போது, காற்று புகாமல் அடியில் நாற்றக் கிருமி பெருகும். திங்கட்கிழமை வாடைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். படலத்தை வழித்தெடுக்கும் பெல்ட் ஸ்கிம்மர் போடலாம். அது இல்லையென்றால் சனிக்கிழமை மாலை படலத்தை வழித்தெடுத்து எண்ணெய்ப் பேரலில் போட்டுவிட்டுப் போனாலே வித்தியாசம் தெரியும். வாடைக்கு ஃபினாயில் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஓட்டுபவரின் கையைத்தான் புண்ணாக்கும்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் கூலன்ட் தீரத்தான் செய்யும். அப்போது அதற்கென்று தனிப் பேரல். அங்கீகாரம் பெற்றவரிடம்தான் போக வேண்டும். தொட்டியை நன்றாகக் கழுவாமல் புதுக் கூலன்ட் ஊற்றினால், மூலையில் ஒட்டிய பழைய சேறு ஒரே வாரத்தில் புதியதையும் கெடுத்துவிடும்.

சிப்ஸும் பனியன் வேஸ்டும்

சொட்டச் சொட்டச் சிப்ஸை அள்ளி வெட்டவெளியில் குவிப்பதால் மழைக்கு அத்தனை எண்ணெயும் மண்ணுக்குள் போகிறது. அடியில் சல்லடைத் தட்டும் குழாயும் வைத்த தள்ளுவண்டியில் ஓர் இரவு வடியவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி திரும்பத் தொட்டிக்கே வரும். அலுமினியம், பித்தளை, எம்.எஸ். (சாதா எஃகு), எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) எல்லாம் ஒன்றாகக் கலந்தால் ஸ்கிராப்காரர் மட்டமான விலைக்குத்தான் எடுப்பார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் அவசர ஜாபில் எல்லோரும் கலந்துவிடுகிறார்கள்.

எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட் துணி மாநகராட்சிக் குப்பைக்குப் போகக் கூடாது. அதுவும் அபாயகரக் கழிவுப் பட்டியலில் உள்ளதுதான். பின்பக்கம் போட்டுக் கொளுத்துவது அதைவிட மோசம். சிந்திய எண்ணெய் மேல் போட்ட மரத்தூளுக்கும் இதே விதி. சிந்தாமல் இருக்கக் குழாய் அடியில் ஒரு தட்டு வைப்பது எவ்வளவோ மலிவு.

காசு கொடுத்த காற்று

எண்ணெயை விட்டால் அடுத்த பெரிய வீண் கம்ப்ரஸர் காற்று. ஹோஸ் இணைப்பில் வரும் "உஸ்ஸ்" சத்தத்துக்குக் காது பழகிவிடுகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கும். தினம் 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 9,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 72,000 ரூபாய். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதால், அந்த ஒரு ஓட்டை மட்டும் வருடத்துக்கு 6 டன்னைத் தாண்டும். கூரையில் சோலார் போட்டுவிட்டு அந்த மின்சாரத்தில் ஓட்டையை ஊதிக்கொண்டிருப்பது எந்தக் கணக்கிலும் சேராது. கசிவை அடைத்த பிறகு சோலார் விலைப்புள்ளி கேளுங்கள், சின்னதாகவே போதும்.

கசிவு எவ்வளவு என்று பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டாம். வேலை இல்லாத நாளில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, காற்று லைனின் வால்வுகளைத் திறந்தபடி கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுங்கள். எத்தனை நிமிடம் லோடில் (காற்றை அழுத்தியபடி) ஓடுகிறது, எத்தனை நிமிடம் அன்லோடில் (அழுத்தாமல்) நிற்கிறது என்று சில சுற்று குறித்துக்கொள்ளுங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால் மொத்தம் 8-க்கு 2. உங்கள் கம்ப்ரஸர் திறனில் கால்வாசி கசிவுக்குப் போகிறது. பிறகு சோப்புத் தண்ணீரோடு இணைப்பு இணைப்பாகப் போக வேண்டியதுதான்.

6 பார் போதும் இடத்தில் 7 பார் வைப்பதால் மின்சாரம் 6 சதவீதத்துக்கு மேல் கூடும். கம்ப்ரஸரை ஃபர்னஸ் பக்கமோ காற்றோட்டமில்லாத மூலையிலோ வைத்தால் இழுக்கும் காற்று ஒவ்வொரு 4 டிகிரி சூடேறும்போதும் மின்செலவு 1 சதவீதம் கூடும். ஏர் கன்னால் சட்டையைத் தட்டிக்கொள்வது வீண் என்பதோடு ஆபத்தும்கூட.

பேப்பர்

"நாங்க வெள்ளைப் பிரிவு (மாசு மிகக் குறைந்த தொழில் வகை), எதுவும் தேவையில்லை" என்பது பாதி உண்மை. நீர், காற்றுச் சட்டங்களின் கீழ் கன்சென்ட் (வாரியத்தின் அனுமதி) தேவைப்படாத தொழில்களுக்கு அபாயகரக் கழிவு அங்கீகாரத்திலிருந்து 2019-இல் விலக்கு கிடைத்தது. ஆனால் கழிவை அங்கீகாரம் பெற்றவரிடம்தான் தர வேண்டும் என்பது அந்த விலக்கின் நிபந்தனை. எக்ஸ்.எல். ஆயில்காரரிடம் கொடுத்தால் விலக்கும் போச்சு. அங்கீகாரம் பெற்ற கூடமென்றால் படிவம் 3-இல் அவ்வப்போது பதிவு, கழிவு வெளியே போகும்போது படிவம் 10, ஜூன் 30-க்குள் படிவம் 4-இல் வருடக் கணக்கு. ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். எந்தப் பேரலில் எவ்வளவு சேர்ந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"அதெல்லாம் வெளியே கொடுத்துருவோம்"

ஜிங்க் பிளேட்டிங், குரோம், பிளாக்கனிங் போன்ற மேற்பூச்சு வேலைகள் எல்லாம் ஜாப் ஆர்டராக வெளியே போகும். பல கூடங்களின் கடுமையான நச்சு அங்கேதான். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. ஆலை மூடிப் பல வருடம் ஆகியும் சுற்றுவட்டார நிலத்தடி நீரில் அது இறங்கிக்கொண்டிருந்தது. நாம் அனுப்பும் நூறு போல்ட்டுக்கும் அதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

ஆகவே ரேட் கேட்கும்போதே கன்சென்ட் நகலையும் கேளுங்கள், தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பிளேட்டிங் கழிவுச் சேறு எங்கே போகிறது என்று கேளுங்கள். கும்மிடிப்பூண்டி போன்ற பாதுகாப்பான கிடங்குக்கு அனுப்பியதற்கான ரசீது இருக்க வேண்டும். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் குறைத்துக்கொண்டு எந்தக் காகிதமும் காட்டாதவரிடம் அடுத்த லாட் போக வேண்டாம். டெலிவரி சலானில் இருப்பது உங்கள் பெயர்.