விளையாட்டு நிருபரும் வீரரும்: எவ்வளவு நெருங்கலாம்?

விளையாட்டு பீட்டுக்கு, அதாவது விளையாட்டுச் செய்தி சேகரிக்கும் பொறுப்புக்குப் புதிதாக வரும் நிருபர்கள் வீரர்களிடம் சண்டை போட்டுக் கெட்டுப்போவது அபூர்வம். நன்றாகப் பழகித்தான் கெட்டுப்போகிறார்கள். ஒரு டிக்கெட், ஒரு விருந்து, இரவில் காதோடு வந்த ஒரு தகவல் என்று சின்னச் சின்னக் கடன்கள் சேரும். அந்த வீரர் ஃபார்ம் இழந்து தடுமாறும்போதோ, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கும்போதோ கடன் திரும்பக் கேட்கப்படும். அதனால் பிரச்சினை எதுவும் இல்லாத நாளிலேயே எல்லையை வகுத்து, எடிட்டரிடமும் சொல்லிவையுங்கள்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால் சொந்தக்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை நிருபரிடம்தான் டிக்கெட் கேட்பார்கள். வீரரிடம் போய்க் கேட்காதீர்கள். காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். டீ, காபி பரவாயில்லை. சாப்பாடு என்றால் உங்கள் பங்கை நீங்களே கொடுங்கள். பேட், ஜெர்சி, ஷூ வந்தால் திருப்பி அனுப்புங்கள். முடியாவிட்டால் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். ஸ்பான்சர் செலவில் போன பயணமா? அந்தச் செய்தியிலேயே ஒரு வரி சேருங்கள். பிரஸ் பாக்ஸில் கைதட்டல் வேண்டாம், பேட்டி முடிந்ததும் செல்ஃபி வேண்டாம். 'அண்ணா', 'தம்பி' என்று கூப்பிடுவதில் தவறில்லை, நம் ஊரில் அதைத் தவிர்க்கவும் முடியாது. ஒலிப்பதிவு ஓடும்போது மட்டும் பெயரும் 'நீங்கள்'-உம் இருக்கட்டும்.

'இதைப் போடாதீங்க'

பெரும்பாலான மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஆஃப் தி ரெக்கார்ட், அதாவது சொன்னவர் பெயரில் வெளியிடாத பேச்சு என்பது பேசுவதற்கு முன்பே இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு. வீரர் குரலைத் தாழ்த்தினால் அங்கேயே நிறுத்தி, எந்த வகை என்று கேளுங்கள். பெயரோடு போடலாமா? பெயரில்லாமல் போடலாமா? அல்லது உங்கள் புரிதலுக்கு மட்டுமா?

பெயரில்லாமல் என்றால், அவரை எப்படிக் குறிப்பிடப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். 15 பேர் கொண்ட அணியில் 'ஒரு மூத்த வீரர்' என்று எழுதினால் டிரெஸ்ஸிங் ரூமில் ஐந்தே நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். புரிதலுக்கு மட்டும் என்று வாங்கிய தகவலை அவர் பெயரை மறைத்துப் போடுவதும் வாக்கு மீறல்தான். அதே தகவல் வேறொருவரிடமிருந்து தனியாகக் கிடைத்தால் வெளியிடலாம். வெளிவருமுன் முதல் ஆளுக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.

சொல்லி முடித்த பிறகு 'இதைப் போடாதீங்க' என்றால்? மீடியா மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும் சர்வதேச வீரருக்கு விதி தெரியும், போடலாம். முதல் பேட்டி கொடுக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடுங்கள்.

'காப்பியை அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்' என்று, எழுதிய செய்தியை வெளிவருமுன் கேட்பார்கள். அனுப்பக் கூடாது. அவர் சொன்ன வாக்கியத்தைப் படித்துக் காட்டலாம், தேதி, புள்ளிவிவரம் சரிபார்க்கலாம். விமர்சனக் கட்டுரை என்றால் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். பத்திரிகை அச்சுக்குப் போக அரைமணி இருக்கும்போது கேட்பது கண்துடைப்பு.

வாட்ஸ்அப்

பேட்டிக்கு மீடியா மேனேஜர் வழியாகக் கேளுங்கள். நேரடியாகக் கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு செய்தி, மறுநாள் ஒரு நினைவூட்டல், அத்தோடு நிறுத்துங்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவிலும், அணியிலிருந்து நீக்கப்பட்ட அன்றும் தொல்லை வேண்டாம். 'மறக்கமாட்டேன்', 'நான் யாரென்று காட்டுகிறேன்' வகைப் பேச்சு எந்த நிலையிலும் கூடாது. 2022 பிப்ரவரியில், டெஸ்ட் அணியில் இடமிழந்த விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹா, பேட்டி கேட்டு ஒரு பத்திரிகையாளர் மிரட்டும் தொனியில் அனுப்பிய செய்திகளை ட்விட்டரில் வெளியிட்டார். பிசிசிஐ மூவர் குழு விசாரித்தது. அந்தப் பத்திரிகையாளருக்கு இந்தியாவில் நடக்கும் உள்நாட்டு, சர்வதேச ஆட்டங்களுக்கு அனுமதி அட்டை கிடையாது, பதிவுபெற்ற வீரர்களைப் பேட்டி எடுக்க முடியாது, வாரிய, சங்க மைதானங்களுக்குள் நுழைய முடியாது என்று இரண்டு ஆண்டுத் தடை வந்தது.

மறுபக்கமும் உண்டு. 2016 ஜனவரியில் கிறிஸ் கெய்ல் தொலைக்காட்சி நேரலையில் பேட்டி எடுத்த பெண்ணிடம் அசடு வழிந்தார். அவர் ஆடிய மெல்போர்ன் ரெனிகேட்ஸ் அணி அவருக்கு 10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இப்படி நடந்தால் சிரித்து மழுப்ப வேண்டியதில்லை. கேள்விக்குத் திரும்புங்கள், பதிவைப் பத்திரப்படுத்துங்கள், அன்றே எடிட்டரிடம் எழுத்தில் கொடுங்கள். பேட்டி ஹோட்டல் அறையில் வேண்டாம், லாபியில் உட்காருங்கள்.

சிறுவர்களும் உடல்நலமும்

சென்னையில் சதுரங்கம் எழுதுபவர்களுக்கு இது அன்றாட விஷயம். பிரக்ஞானந்தாவும் குகேஷும் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும், பேட்டியின்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். தோற்று எழுந்து வரும் பிள்ளையின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டாதீர்கள். பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பும் பழக்கமே வேண்டாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட சிறுவரின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி குற்றம். பெயரை மறைத்துவிட்டு அகாடமியையும் ஊரையும் எழுதினாலும் ஆள் தெரிந்துவிடும்.

தொடையில் தசைப்பிடிப்பு, இரண்டு ஆட்டத்துக்கு இல்லை என்பது செய்தி. மனநலச் சிகிச்சை, கர்ப்பம், பரிசோதனை அறிக்கை ஆகியவை வீரர் சம்மதித்தால் மட்டுமே. பிசியோ வாய்தவறிச் சொன்னாலும் அது அவர் கொடுக்கக்கூடிய அனுமதி அல்ல. 2006 டோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலைப் பற்றிய விவரம் நாடு முழுக்கப் பேச்சானது. புதுக்கோட்டைப் பெண்ணுக்கு ஊடகம் செய்த அந்த அநியாயம் எந்த விளையாட்டு டெஸ்கிலும் பாடமாக இருக்க வேண்டும்.

ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுக்கும் மாதிரியை 'ஏ', 'பி' என்று இரண்டாகப் பிரித்து வைப்பார்கள். செய்தியில் 'ஏ' மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது என்று எழுதுங்கள். 'உட்கொண்டார்' என்று எழுதாதீர்கள். 'பி' மாதிரிச் சோதனை கேட்கும் உரிமையும் விசாரணையும் அவருக்கு மீதமிருக்கின்றன.

விலக வேண்டிய நேரம்

நீங்கள் எழுதும் ஆட்டத்தில் பந்தயமோ, கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டசியோ ஆடாதீர்கள். பிளேயிங் லெவன், பிட்ச் பற்றித் திடீரென அக்கறையோடு விசாரிக்கும் புது நண்பர் புக்கியின், அதாவது சூதாட்டத் தரகரின் ஆளாக இருக்கலாம். வெளிவராத அணித் தகவலை யாருக்கும் சொல்லாதீர்கள்.

வீரருக்காகப் பத்தி எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினாலோ, அவர் உறவினரானாலோ, காதல் மலர்ந்தாலோ, வாசகருக்குத் தெரிவித்தால் மட்டும் போதாது. எடிட்டரிடம் சொல்லி அவரைப் பற்றிய செய்தியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். சிறிய டெஸ்கில் ஆள் இல்லை என்பார்கள். அப்படியானால் அந்த வீரர் பற்றிய செய்திக்கு செய்தி ஏஜென்சி அனுப்பும் காப்பியே போதும்.