ஐம்பது பிரதிகள்: பரிசோதனை இசைக் கேசட்டை வீட்டிலேயே தயாரிக்கும் முறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லோவெல் நகரில், ரான் லெஸ்ஸார்ட் 1984-இல் தொடங்கிய ஆர்ஆர்ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம், கேட்டுத் தேய்ந்த பழைய பாப் கேசட்டுகளின் மேலேயே இரைச்சல் இசையைப் பதிவு செய்து, ஒட்டுநாடாத் துண்டில் கலைஞரின் பெயரைக் கையால் எழுதி வெளியிட்டது. செலவைக் குறைக்க இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. ஆனால் பொருள் மலிவாக இருக்கலாமே தவிர, பதிவில் அலட்சியம் கூடாது.

இசை முடிவான பிறகே வெற்றுக் கேசட்டை வாங்க வேண்டும். சி-60 என்பது பக்கத்திற்கு 30 நிமிடம். உங்கள் இசை பக்கத்திற்கு 19 நிமிடம் என்றால் சி-40 போதும். இரு பக்கமும் சமமாக அமையாதபோது நீளமானதை முதல் பக்கத்தில் வையுங்கள்; இல்லையெனில் கேட்பவர் நடுவில் வெற்று நாடாவை ஓட்டிக் கடக்க நேரும். நாடாவின் தொடக்கத்தில் சில விநாடி நீளத்திற்குப் பதிவாகாத பிளாஸ்டிக் இருப்பதால், அதைத் தாண்டிச் சுற்றிய பின்பே பதிவைத் தொடங்குங்கள்.

ஒலியளவை அமைப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சாதாரண ஃபெரிக் நாடா உச்ச சுருதிகளை ஓரளவுக்கு மேல் தாங்காது. இரைச்சல் இசையிலோ அவையே நிறைந்திருக்கும். ஆகவே ஒலியளவு காட்டியின் முள் பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்று, மிக உரத்த இடங்களில் மட்டும் +3 டெசிபல் வரை செல்லுமாறு வைத்து, ஒரு கேசட்டில் சோதனைப் பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். சிதைவொலி வேண்டுமென்றால் அதை மூலப்பதிவிலேயே உருவாக்குவது நல்லது, ஏனெனில் நாடா தரும் சிதைவு டெக்குக்கு (கேசட் பதிவுக் கருவிக்கு) டெக் மாறும். நாடாவின் சீற்றொலியைக் குறைக்கும் டால்பி வசதியை அணைத்துவிடுங்கள்; டால்பியோடு பதிவு செய்த கேசட்டை அந்த வசதி இல்லாத டெக்கில் போட்டால் உச்ச சுருதிகள் மிகையாகி ஒலி காதைக் குத்தும்.

இரட்டை வேகத்தில் பிரதியெடுக்கும் பொத்தானை நான் பரிந்துரைக்க மாட்டேன். நுண்ணிய உச்ச சுருதிகள் அதில் மங்கிப்போகும். இயல்பு வேகத்தில் ஐம்பது சி-40 கேசட்டுகளுக்கு ஒரு டெக்கில் 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு டெக்குகள் இருந்தால் பாதி நேரம் போதும். சில கேசட்டுகளுக்கு ஒருமுறை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஹெட்டை (நாடாவைத் தொட்டுப் பதிவு செய்யும் பகுதியை) துடைத்து, அது உலர்ந்த பிறகே தொடருங்கள். ஒவ்வொரு பிரதியிலும் தொடக்கம், நடு, முடிவு ஆகிய இடங்களை ஹெட்போனில் கேட்டு, இடம் வலம் இரண்டும் சமமாக ஒலிக்கின்றனவா என்று பார்த்த பிறகு, பின்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் யாரும் பதிவு செய்ய முடியாது.

உள்ளட்டையைக் கருப்பு வெள்ளையில் நகலெடுத்தாலே போதும். முதுகுப் பகுதியில் கலைஞரின் பெயரும் வெளியீட்டு எண்ணும் தெளிவாக இருக்கட்டும். பத்துப் பிரதிகளைக் கலைஞருக்குக் கொடுங்கள். குறையுண்டு என்று யாரேனும் எழுதினால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரு பிரதியை விற்காமல் மூலக் கோப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.