கேம்பர் வேனில் ஆவோராக்கி மலையடிக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

நியூசிலாந்தின் ஆவோராக்கி மவுண்ட் குக் தேசியப் பூங்காவுக்கு, உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள கேம்பர் வேனில் போகிறீர்களா? இரண்டு இரவு ஒதுக்குங்கள். 3,724 மீட்டர் உயரச் சிகரம் ஒரு நாள் முழுக்க மேகத்துக்குள்ளேயே கிடக்கும். மறுநாள் விடிகாலையில் சட்டென்று முகம் காட்டும். அதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது.

1. வேன் எடுக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். காஸ் வால்வு, தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி எல்லாவற்றையும் நீங்களே ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

2. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். டீசல், அரிசி, காய்கறி எல்லாம் வழியில் உள்ள டெக்காப்போ ஊரிலேயே வாங்கிவிடுங்கள். அப்புறம் புக்காக்கி ஏரிக்கரைச் சாலை. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்திருப்பதால் தண்ணீர் பால்விட்ட நீலமாக இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

3. தங்க ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம். இடமும் கட்டணமும் எப்படி என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு கிடையாது. போன், டார்ச் எல்லாவற்றையும் வண்டி ஓடும்போதே சார்ஜ் போடுங்கள். வேனின் மூக்கு காற்று வரும் பக்கம் பார்க்கட்டும். கதவை இரண்டு கையாலும் பிடித்தபடி திறங்கள். நான் ஒரு கையால் திறந்தேன். காற்று கதவைப் பிடுங்கி முழுசாக மடக்கிவிட்டது, கீல் வளைந்துபோனது.

4. சமைக்கும்போது எவ்வளவு குளிரானாலும் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். அடுப்பைக் குளிர்காய எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூங்கும்போதும் ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள். அப்படியும் காலையில் கண்ணாடியில் மூச்சுநீர் வழியும், பழைய துண்டு ஒன்று கைவசம் இருக்கட்டும். நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். 2012-இல் இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் பகுதியாக, அறிவித்த இடம் இது; பால்வீதி அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

5. கேயா என்ற பச்சைக் கிளி வரும். வளைந்த அலகால் ஜன்னல் ரப்பரைக் கொத்தி, நாடா மாதிரி இழுத்து உரிக்கும். அழகாக இருக்கிறதே என்று தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். மனிதர்களைச் சுற்றிப் பழகுவதுதான் அருகிவரும் அந்தப் பறவைக்கு ஆபத்து.

6. காலையில் முகாமிலிருந்தே கேயா பாயிண்ட் நடை, போய்வர ஒரு மணி நேரம். ஹூக்கர் பள்ளத்தாக்கு நடை, போய்வர 10 கிலோமீட்டர். பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பூங்கா மையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

7. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட மண்ணில் ஊற்றாதீர்கள். தொட்டியிலேயே வைத்திருந்து, திரும்பும் வழியில் டம்ப் ஸ்டேஷனில், அதாவது வேன் கழிவைக் கொட்டுவதற்கென்றே உள்ள இடத்தில், கொட்டுங்கள். ரப்பர் கையுறை மறக்க வேண்டாம்.