பழைய வரைபடத்தில் உங்கள் தோட்டத்தைத் தேடுவது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால், பத்து காவான் பக்கம் மறைந்துபோன எஸ்டேட் தோட்டங்களைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் (1:63,360) அளவுள்ள பழைய நில அளவைப் படம்தான் இதற்கு வசதி. அதில் 1 செ.மீ. என்பது தரையில் ஏறக்குறைய 634 மீட்டர். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பெயர் கிடைக்கவில்லையா? எழுத்தை மாற்றித் தேடுங்கள். 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய படங்களில் இன்றைய Kampung என்பது Kampong என்றும், Sungai என்பது Sungei என்றும் இருக்கலாம். தோட்டத்துக்கு நம்மவர் வைத்த தமிழ்ப் பெயரோ பெரும்பாலும் படத்தில் இருக்காது. அதை அங்கே வாழ்ந்த பெரியவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

படத்தைக் கூகுள் எர்த்தில் ஏற்றி, அடியில் உள்ள இன்றைய படமும் தெரியுமளவு மங்கலாக்கி, அதோடு பொருத்துங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஆற்று வளைவை அடையாளமாக எடுக்காதீர்கள், கரை நகர்ந்திருக்கும். ரயில் நிலையமும் இடம் மாறியிருக்கலாம். பழைய சாலைச் சந்திப்பு, பாலம், கோயில் என நான்கு இடமாவது, நான்கு மூலையிலும் பரவலாக வேண்டும். பழைய படத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். இரண்டுக்கும் அளவீட்டு அடிப்படையே வேறு.

வரிசையாகச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால், லயமாக (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருக்கலாம். இன்று அங்கே செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கலாம். கிணறு, மாமரம், சிறு கோயில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா பாருங்கள். நுழையுமுன் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.